கடையில் போடாததைப் படத்தில் போடாதீர்கள்

உணவகங்களையும் சாப்பாட்டையும் படம் எடுத்துக் கூகுள் மாப்பிலும் முகநூலிலும் ஏற்றிக் கொடுக்கும் தம்பி தங்கச்சிமாரே, காசு கொடுத்து அவர்களைக் கூப்பிடும் முதலாளிமாரே, உங்கள் எல்லோருக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: கடையில் போடாத சாப்பாட்டைப் படத்தில் போடாதீர்கள். சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இது ஊரின் மானம் சம்பந்தப்பட்ட காரியம்.

1990 ஜூனில் போரால் இந்த ஊரே எழும்பி ஓடியது. துறைமுகமும் அதைச் சுற்றிய காணிகளும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், 2017 ஜூலை 3ஆம் திகதிதான் சனத்தின் கைக்குத் திரும்பின. ஒரு காலத்தில் கொழும்புச் சந்தைவரை மீன் அனுப்பிய துறை, 27 வருடம் தன் கடற்றொழிலாளரைக் காணாமல் கிடந்தது. அதன்பிறகு வெளியாட்கள் வர வழி பிறந்தது. பக்கத்துப் பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. கனடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிற எத்தனையோ பேருக்கு, எந்தக் கடை நல்லது என்று விசாரிக்க இங்கே மச்சானும் இல்லை, மாமியும் இல்லை. போனில் தெரிகிற படத்தை நம்பித்தான் ஓட்டோவைத் திருப்பச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தால் பழி ஒரு கடையோடு நிற்காது. “மயிலிட்டியில ஏமாத்திப்போட்டாங்கள்” என்றுதான் அது ஊர் ஊராகப் போய்ச் சேரும்.

ஒடியல் கூழையே எடுங்கள். சட்டியில் ஊற்றினால் நண்டும் றாலும் கணவாயும் அடியில் தாழ்ந்துவிடும். மேலே தெரிவது வெறும் கூழ்தான். படத்துக்கு எடுபடாது. அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, மூன்று பேருக்குப் போடவேண்டிய நண்டை அதன்மேல் அடுக்கி, சுற்றிவரக் கூழை ஊற்றினால் சட்டி நிரம்பிவழிகிற மாதிரி இருக்கும். சின்னத் தட்டில் வைத்துக் கமராவைக் கிட்டக் கொண்டுபோனால் சாண் நீள விளைமீன் முழ நீளமாகிவிடும். நேற்றுப் பொரித்த துண்டில் எண்ணெய் தடவினால் இப்போதுதான் தாச்சியிலிருந்து இறக்கியது போல மினுங்கும். படத்தைப் பார்த்து வந்து மேசையில் இருக்கிறவருக்குக் கிடைப்பதோ, ஒரு நண்டுக்காலும் இரண்டு பயிற்றங்காய்த் துண்டும்.

இந்த வித்தை புதிதல்ல. அமெரிக்காவில் கேம்பல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிப் போளைகளைப் போட்டு, மரக்கறித் துண்டுகளை மேலே எழுப்பிக் காட்டினார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதைப் பிடித்து, 1970இல் இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று கட்டளையிட்டது. மரக்கறி பொய்யல்ல, உள்ளதைவிடக் கூடுதலாக இருப்பதுபோலக் காட்டியதுதான் பிழை. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தை வியாபாரிக்கு ஆகாது என்கிறது. படம் உள்ளதை உள்ளபடி காட்டவேண்டும், பில்டரை அளவுமீறிப் பூசக்கூடாது என்று கூகுளும் எழுதிவைத்திருக்கிறது.

“எல்லாரும் செய்யினம்தானே, நாங்கள் மட்டும் விட்டால் பக்கத்துக் கடைக்காரன் முந்திவிடுவான்” என்பீர்கள். முந்தட்டும். அவனிடம் ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை உங்களிடம்தான் வருவார். யன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் வைத்து எடுப்பதில் பிழையில்லை. கோப்பை விளிம்பைத் துடைப்பதில் பிழையில்லை. கறிவேப்பிலையைச் சீராக வைப்பதிலும் பிழையில்லை. தட்டில் உள்ளதை அழகாக்கலாம், இல்லாததைச் சேர்க்கக்கூடாது. எல்லை அவ்வளவுதான்.

மீனைப் பற்றி எழுதுவதிலும் இதே எல்லை உண்டு. கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கிற நாளில் ஐஸ்பெட்டி மீனைப் பொரித்து, “இன்று காலை மயிலிட்டியில் பிடித்தது” என்று படத்தின் கீழ் எழுதாதீர்கள். ஐஸ் மீன் என்றால் ஐஸ் மீன் என்றே எழுதுங்கள். துறைமுகத்தில் பிடிபட்டு நிற்கும் இந்திய றோலர்களைப் பின்னணியில் வைத்து, எங்கள் மீன் வந்திறங்கும் படகுகள் என்று காட்டாதீர்கள். அவை மீன் கொண்டுவருகிற படகுகள் அல்ல, தடுத்துவைக்கப்பட்டவை. அந்த றோலர்களின் அடிமடி இழுவையால் இங்கே வலை அறுந்து நிற்கிறவருக்கும், படகை இழந்து அக்கரையில் நிற்கிறவருக்கும் அது அலங்காரம் ஆகாது.

மனிதர்களையும் கேட்டு எடுங்கள். அடுப்படியில் வியர்த்து நிற்கும் அக்காவும், கரையில் வலை தெரிந்துகொண்டிருக்கும் ஐயாவும், மூலை மேசையில் சாப்பிடுகிற குடும்பமும் உங்கள் விளம்பரத்துக்கு வந்தவர்கள் அல்ல. “ஒரு படம் எடுக்கட்டோ?” என்று கேட்க எவ்வளவு நேரம் போகும்? வேண்டாம் என்றால் கமராவை இறக்குங்கள்.

இனிப் படம் எடுக்கப் போகிறவர்கள், படத்துக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்லாதீர்கள். மத்தியானம் ஆட்கள் சாப்பிடுகிற நேரத்தில் போய், மேசைக்குப் போகிற கோப்பையையே எடுங்கள். அளவு தெரிய, கடையில் பாவிக்கும் தண்ணீர்க் குவளையைப் பக்கத்தில் வையுங்கள். விலையையும் எடுத்த மாதத்தையும் கீழே எழுதுங்கள். விலையோ அளவோ மாறினால் படத்தையும் மாற்றுங்கள். முதலாளி கூட்டிக்காட்டச் சொன்னால், மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அந்தக் கூலி போனால் போகட்டும்.

முதலாளிமாரே, இன்றிரவு கடை பூட்டியதும் உங்கள் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பாருங்கள். நாளை மத்தியானம் அதே விலைக்கு, அதே அளவில் கொடுக்கமுடியாத சாப்பாடு ஒன்று அதில் இருந்தால், விடியமுன் அதை அழித்துவிடுங்கள்.