தோலும் தொண்டும்



சான் ரமோனில் நம்மில் சிலர் விடுமுறைக் கைவேலையாக நகைப்பெட்டிக்கும் படச் சட்டத்துக்கும் தோல் ஒட்டப் பழகுகிறோம். ஓரத்தை மெல்லிதாகச் சீவி, பசை தடவி, குமிழி இல்லாமல் நீவி மடிக்க வேண்டும். புதிதாகப் பழகுவோரின் கண் பாம்புத்தோலின் பளபளப்பில் போய் நிற்கிறது. மலைப்பாம்புத் தோலை விற்பதையே கலிஃபோர்னியச் சட்டம் தடை செய்கிறது.

இவ்வேளையில் ஆதனூர் நந்தனாரை நினைப்போம். கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், வீணைக்கு நரம்பும் அவர் கொடுத்தார் என்கிறது பெரிய புராணம். அவர் தந்த தோல் சந்நிதியில் முழங்கியது. அவரோ வாசலில் நின்றார். திருப்புன்கூரில் நந்தியே விலகி வழிவிட்டது, மனிதர் விடவில்லை. தோலை உள்ளே வைத்து, தந்தவரை வெளியே நிறுத்திய பழி நம் சமூகத்தினுடையது. அன்று இழிவென்று ஒதுக்கிய வேலை இன்று நமக்குப் பொழுதுபோக்கு!

ஆகவே தோலைக் கையில் எடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்போம்: இது எந்த உயிருடையது? யார் கை இதைப் பதமிட்டது? காட்டுயிரின் தோலை நம் அலங்காரத்துக்காகத் தேடாதிருப்போம். பதமிட்ட கைகளை வணங்குவோம். அவர்களுக்கு நம் வாசலைத் திறப்பதே நந்தனாருக்கு நாம் செய்யும் பூஜை.

திருச்சிற்றம்பலம்.