புதுமையும் பழங்கடனும்

விலையின்றித் தரப்படுவதென்றும், முன்னையதினும் விரைவாய் இயங்குவதென்றும், குற்றங்கள் களையப்பெற்றதென்றும் உரியவர்களே உறுதி கூறும் ஒரு புதிய மென்பொருளை, அறிவிற் குறையாத ஒருவன் நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று மாதக்கணக்கில் ஒதுக்கி வைப்பதையும், அதே மனிதன் அடுத்த வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்காக முன்பின் பழக்கமில்லாத வேறொன்றை அன்று மாலையே தன் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். இதனைச் சோம்பல் என்றும் அச்சம் என்றும் பெயரிட்டு, விளம்பரத்தினால் தீர்த்துவிடலாம் என்று வியாபாரிகள் எண்ணுகின்றனர். என் அபிப்பிராயம் வேறு. ஒரு பொருள் மாறிய பின்னும் அதே பொருளாக நிற்பது எவ்விதம் என்று நம் தரிசனகாரர்கள் பல நூற்றாண்டுகள் வாதித்த கேள்விதான், இன்று கணிப்பொறித் திரையின் மூலையில் ஒரு சிறு அறிவிப்பாக வந்து நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

காரணத்தில் இல்லாத ஒன்றே காரியமாகப் புதிதாய்ப் பிறக்கிறது என்பர் நியாய வைசேஷிகர். காரணத்தில் சூக்ஷ்மமாய் அடங்கிக் கிடந்ததே காரியமாய் வெளிப்படுகிறது என்பர் சத்காரியவாதிகளாகிய சாங்கியர். ஒவ்வொன்றும் ஒரு கணம் தோன்றி மறுகணம் மாய்கிறது, தொடர்ச்சி என்பது நம் மனத்தின் மயக்கம் என்பர் பௌத்தருள் க்ஷணிகவாதிகள். உடையவராகிய ராமாநுஜரோ, சித்தும் அசித்துமாகிய உலகம் இறைவனுக்கு உடலாய் நின்று, சூக்ஷ்ம நிலையிலிருந்து ஸ்தூல நிலைக்கு மெய்யாகவே மாறுகிறதென்றும், அவ்வுடலுக்கு உயிராய் நிற்பவனுடைய ஸ்வரூபம் மட்டும் மாறுவதில்லையென்றும் சித்தாந்தம் செய்தார். மென்பொருள் செய்வோர் இதுவரை இல்லாதது, முற்றிலும் புதியது என்று முழங்கும்பொழுது நையாயிகராகிறார்கள். வாரந்தோறும் ஒன்றை வெளியிட்டு நேற்றையதை மறந்துவிடும்பொழுது க்ஷணிகவாதிகளாகிறார்கள். வாங்குகிறவனோ, அந்தப் பெயரை அறியாவிடினும், பிறவியிலேயே சத்காரியவாதி. என் கடிதங்களும், என் கணக்குகளும், என் விரல்கள் வருந்திக் கற்ற பழக்கமும் இந்தப் புதியதனுள் இருக்கின்றனவா என்பது ஒன்றே அவன் கேட்பது. அக்கேள்விக்கு விடையாக, புதியது எவ்வளவு புதியது என்பதையே மேலும் மேலும் வருணிப்பதனால் வழக்குத் தீருவதில்லை.

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில், திருமாலிருஞ்சோலை மலையடிவாரத்தில் உள்ள அழகர்கோவிலை வைத்து இதனை ஆராயப் புகுந்ததற்குத் தக்க காரணம் உண்டு. பல்லாயிரம் மக்களின் வழக்கத்தை ஒரே அடியாக மாற்றியமைத்து, அம்மாற்றத்தை அவர்கள் தமதென்றே கொண்டாடும்படி செய்த பெரிய காரியம் ஒன்று இக்கோவிலைச் சார்ந்து நடந்திருக்கிறது. பண்டைக்காலத்தில் மீனாட்சியம்மையின் கல்யாணமும் தேரும் மாசியில் நிகழ்ந்தன; அழகர் சித்திரையில் மலையினின்று இறங்கி, மதுரைக்கு மேற்கே வைகைக் கரையிலுள்ள தேனூருக்குச் சென்று ஆற்றில் இறங்கினார். 1623 முதல் 1659 வரை அரசாண்ட திருமலை நாயக்கர், சைவத் திருவிழாவைச் சித்திரைக்கும், வைணவத் திருவிழாவை மதுரைக்குமாக மாற்றி, இரண்டையும் இணைத்தார் என்பது மதுரை நாட்டில் நிலைபெற்ற வரலாறு. ஒன்றில் காலம் மாறிற்று, மற்றொன்றில் இடம் மாறிற்று. தேனூரார்க்கு அவர்கள் ஊர் உற்சவமே போயிற்று. அரசன் ஆணையால் நடந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அரசரும் அரசும் மறைந்து, ஆணையிடுவார் ஒருவருமில்லாத இத்தனை தலைமுறைகளுக்குப் பின்னும் அது நிலைப்பானேன்?

பழையது புதியதனுள் இடம் பெற்றமையே காரணம். வண்டியூர் அருகே வைகையில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கிற மண்டபத்திற்கு இன்றளவும் தேனூர் மண்டபம் என்றே பெயர். இழந்த ஊரின் உரிமை, வந்த ஊரின் நடுவே கல்லாய் எழுந்து நிற்கிறது. சித்திரையில் ஓடும் மீனாட்சியின் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. துர்வாசரால் தவளையாகச் சபிக்கப்பட்டு மண்டூகரான சுதபஸ் முனிவரை மீட்கவே அழகர் வருகிறார் என்பது கோவிலார் சொல்லும் புராணம். தங்கை மீனாட்சியின் கல்யாணத்திற்குப் புறப்பட்டுவந்து, அது முடிந்துவிட்டதென்று ஆற்றிலே கேட்டு, கோபத்தோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. இரண்டும் பொருந்தா, ஆயினும் ஒன்றுக்காக மற்றொன்றை யாரும் அழித்துவிடவில்லை. இடையரும் கள்ளரும் பள்ளரும் வலையரும் இக்கோவிலோடு கொண்ட பிணைப்பையெல்லாம் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படிப்போர்க்கு, ஒரு பெரிய மாற்றம் நிலைபெறுவது அதனால் இடம் பெயர்க்கப்பட்டவர்களுக்கு அதனுள் எத்தகைய இடம் தரப்பட்டது என்பதைப் பொறுத்தது என்ற உண்மை விளங்கும்.

இதற்கு நேர்மாறான சரித்திரத்தைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றில் காணலாம். கணிப்பொறியில் தமிழ் நுழைந்த காலத்தில் பாமினி, வானவில், செந்தமிழ் முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களிலே தமிழ் உருவங்களை அமர்த்திக் காரியம் நடத்தின; ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் டாப், டாம் என்னும் குறியீடுகள் வந்தன. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யூனிகோடு மேலானது என்பதில் விவாதமில்லை. ஆயினும் மதுரையிலும் சிவகாசியிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளிற் பல, ஆணை பிறந்து நெடுங்காலம் பழையதையே விடாது பற்றின. அறியாமையால் அன்று. அவர்கள் கையாண்ட பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த ஏழாவது பதிப்பு. அது யூனிகோடு தமிழை ஏற்கவில்லை. பல ஆண்டு வாடிக்கையாளர்களின் கோப்புகள் பழைய எழுத்துருவிலே கிடந்தன. மாற்றினால் கொம்பும் காலும் இடம் பிறழ்ந்து, திருத்தும் வேலை இரட்டித்தது. திருத்தும் நேரத்துக்குக் கூலி கொடுப்பார் இல்லை. ஆணை புதிய வீட்டைக் காட்டிற்று. பழைய வீட்டுச் சாமான்களைத் தூக்கிவர ஆள் அனுப்பவில்லை.

வியாபாரிகள் மாற்றத்தை ஏற்கும் சமயத்தையும் ஒருவாறு ஆராய்வோம். கீழமாசி வீதியின் மொத்த வியாபாரிகள் ஆயுத பூஜையன்று கணிப்பொறிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறவர்களே. இயந்திரத்தின் மேல் அவர்களுக்குத் துவேஷம் இல்லை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தவுடன், டாலி என்னும் கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பே போதுமென்றிருந்த கடைக்காரர்களும், அவ்வரிக்கேற்ற பதிப்புக்கு மாறவேண்டியவராயினர். சட்டம் துரத்திற்று, மாறினர். ஆனால் அதே சட்டம், ஆண்டறிக்கை செலுத்தவேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்துவைக்கும்படியும் விதிக்கிறது. நேற்றைய பேரேடு நாளைத் திறக்குமோ திறவாதோ என்ற கவலை, ஆகையால், கஞ்சத்தனமும் அன்று, மூடநம்பிக்கையும் அன்று. அதிகாரி கேட்கும்பொழுது பதில் சொல்லவேண்டியவன் மென்பொருள் செய்தவன் அல்லனே, கடைக்காரனன்றோ?

ஆனால் இதற்கு மறுதலையான நியாயமும் உண்டு. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளித்துவந்த பாதுகாப்பை அதை வெளியிட்டவர்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். அதன் பின்னும் ஆதரவிழந்த பழைய பதிப்புகளையும், கொடுத்த திருத்தத்தை ஏற்றாத புதிய பதிப்புகளையும் வைத்திருந்தோர் பலர். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கொடிய நச்சுநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது; இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளும் ஸ்தம்பித்தன. தாமதத்திற்கும் தண்டனை உண்டென்பது தெரிகிறது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் தாமதிக்கின்றனர்? இங்கே பிரமாண விசாரம் வந்து சேருகிறது. பாதுகாப்புத் திருத்தத்தின் பலன், ஒன்றும் நேராமையே. நேராத தீங்கைக் கண்ணால் காண்பது எப்படி? பிரத்யக்ஷம் துணைக்கு வாராத இடத்தில், நம்பத்தக்கவன் சொல்லாகிய ஆப்தவாக்கியம் ஒன்றே கதி.

நம் பஞ்சாங்கங்களின் கதையை ஈண்டு நினைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 29-இல் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது; திருநள்ளாற்றுத் தேவஸ்தானமோ, தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. இப்படி வாக்கியத்தை விடாதவர்களிலும் பலர் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணிதத்தைக் கைக்கொள்கிறார்கள். கிரகணம் ஊரறியக் கண்முன் நடப்பது, தவறினால் மறைக்க வழியில்லை. கண்ணால் கண்டது வாக்கியத்தை வெல்கிறது. காணாததில் யாருடைய வார்த்தை நம்பத்தக்கது என்பதே கேள்வி. உள்ளதை அறிந்தவனாய், அறிந்ததை உள்ளவாறே சொல்ல விரும்புபவனாய், கேட்பவனுடைய நன்மையன்றி வேறு லாபம் கருதாதவனாய் இருப்பவனே ஆப்தன். பாதுகாப்புத் திருத்தம் என்ற பெயரில் தனக்கு வருவாய் தரும் புதிய விளம்பரப் பலகையையும் கூடவே இறக்கிவைக்கும் நிறுவனம், ஆப்தன் என்ற தகுதியைத் தன் கையாலேயே போக்கிக்கொள்கிறது. அடுத்த முறை அது மெய்யான ஆபத்தைச் சொன்னாலும் கேட்பாரில்லை. அடுத்த வீட்டுக்காரர் வார்த்தை செல்லுவதற்கும் இதுவே காரணம்: அவருக்கு அதில் லாபமில்லை.

சம்மதம் என்பதைப் பற்றியும் அழகர்கோவில் நமக்கு ஒன்று கற்பிக்கிறது. கோபுர வாசலிலே, சார்த்திய கதவுகளையே தன் திருவுருவாகக் கொண்டு பதினெட்டாம்படிக் கருப்பசாமி காவலிருக்கிறார். வழக்குடையோர் பலர் அந்தப் படியின் முன் நின்று சத்தியம் செய்து தகராறு தீர்த்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அங்கே சொல்லுகிற ஒரு சொல்லை, சொல்வதற்கு முன்னால் ஒருவன் பன்முறை எண்ணுகிறான். சொன்னபின் அது அவனைக் கட்டுகிறது. பல பக்கங்கள் நீளும் ஒப்பந்தத்தைப் படியாமலே ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்துகிற நம் காலத்துச் சம்மதம் யாரைக் கட்டும்? இரவு நாம் உறங்குகையில் தானே இறங்கி, காலையில் பழகிய பொத்தானை வேறிடத்தில் வைத்திருக்கும் மென்பொருளிடம் நமக்குண்டாகும் சினம், பொத்தான் நகர்ந்ததனால் அன்று. நம்மைக் கேளாமல் நகர்த்தியதனால்.

பழையதெல்லாம் புனிதம் என்று இதனால் நான் சாதிப்பதாக யாரும் கொள்ளவேண்டா. எது மாறலாம், எது மாறலாகாது என்று பிரித்தறியும் விவேகம் இக்கோவிலின் நடைமுறையிலேயே இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும்பொழுது உடுத்தும் பட்டின் நிறம் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். இராமராயர் மண்டபத்திலே ஓரிரவுக்குள் அவதாரத்துக்கு அவதாரம் கோலம் மாற்றிக்கொள்வார். அவருடைய திருமஞ்சனத்துக்கோ மலைமேலுள்ள நூபுர கங்கைத் தீர்த்தமே வேண்டும், மதுரைக்கு வந்திருக்கையிலும் அதுவே சுமந்து வரப்படுகிறது. வேஷம் அணிந்து அழகர்மேல் நீர் பீய்ச்சும் பக்தர்கள் தோற்பையை விட்டு விசைப்பம்பைக் கையிலெடுத்தபொழுது, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, பழைய தோற்பை முறையே தக்கதென்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. நீரின் வேகம் கூடிற்று. விக்கிரகத்துக்கும் சுற்றி நிற்போர்க்கும் ஊறு நேரும் என்றாயிற்று. சாதனம் வலுத்து நோக்கம் நலிந்த இடத்தில் புதுமையை மறுப்பது விவேகமே. மின்விளக்கையும் ஒலிபெருக்கியையும் தொலைக்காட்சியையும் அதே திருவிழா தயக்கமின்றி ஏற்றுக்கொண்டதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். ரூபத்தில் தாராளமும் ஸ்வரூபத்தில் பிடிவாதமும் சேர்ந்ததே சம்பிரதாயம். ரூபத்திலும் பிடிவாதம் செய்வது வெறும் பழக்கம்.

எஞ்சியிருப்பது மாற்ற வருகிறவனுடைய தர்மம். ஆண்டாள் இத்தலத்து எம்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் வாயால் நேர்ந்து வைத்தாள், செய்து முடிக்கவில்லை. பல தலைமுறை கழித்து வந்த ராமாநுஜர், அவள் நேர்ந்தது தம் கடன் என்று கொண்டு இம்மலையடிவாரத்திலே அதனைச் செலுத்தினார் என்பதும், பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அவரை அண்ணா என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பதும் சம்பிரதாயம். கோவில் நிர்வாகத்திலும் வழிபாட்டு முறையிலும் ராமாநுஜர் செய்த சீர்திருத்தங்கள் மிகப் பல. அவற்றை ஒரு சமுதாயம் ஏற்றது, முன்னோர் விட்டுச்சென்ற வாக்கைத் தம் வாக்காகக் கருதிய ஒருவர் செய்தமையால் என்றே நினைக்கிறேன். பழைய கோப்பைத் திறந்து காட்டுவதும், பழகிய விரலுக்குச் சிலகாலம் வழிவிடுவதும், போக விரும்புகிறவன் தன் பொருள்களோடு போகக் கதவு வைப்பதும் மென்பொருள் நிறுவனங்கள் செய்யும் தானங்கள் அல்ல. முன்னைய பதிப்பை விற்ற அன்றே அவை பட்ட கடன்கள். அக்கடனை மறுப்பவன் கொணரும் புதுமையை ஆராய்ந்து தாமதித்து ஏற்பதை மூடத்தனம் என்று இகழ்வது நியாயமாகாது. அக்கடனைத் தன்னதாக ஏற்றுக்கொண்டு ஒருவன் வருவானாயின், அதன் பின்னும் நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதற்கு நம்மிடமும் நியாயம் இல்லை.