ஏழாவது அடி

பைபிளின் எண்ணாகமத்தில் பிலெயாம் ஒரு கழுதைமேல் ஏறிப் புறப்படுகிறார். வழியில் உருவிய வாளோடு தேவதூதன் நிற்பது கழுதையின் கண்ணுக்குத் தெரிகிறது, பிலெயாமின் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுதை முதலில் வயலுக்குள் விலகுகிறது. அடுத்து, இருபுறமும் சுவர் எழுந்த ஒடுக்கமான பாதையில் ஒதுங்கி அவர் காலைச் சுவரோடு நெருக்கிவிடுகிறது. மூன்றாம் முறை விலக இடமே இல்லாமல் படுத்துவிடுகிறது. மூன்று முறையும் அதற்கு அடி விழுகிறது. பிறகு கழுதை வாய் திறந்து, இந்த மூன்று அடிக்கும் தான் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறது. பிலெயாமின் கண் திறந்ததும் தேவதூதன் முதலில் கேட்பதும் அதே கேள்விதான். கழுதை பேசியதையே இந்தக் கதையின் அதிசயமாகப் பலரும் சொல்வார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, அடிகளை எண்ணிக்கொண்டு ஒருவர் அங்கே நின்றிருந்தார் என்பது. அடித்தவருக்குத் தன் அவசரம் மட்டுமே தெரிந்தது. அடிபட்டதன் கணக்கு வேறோர் இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

பிரிட்டனின் குதிரைப் பந்தய மைதானங்களில் இன்று அந்தக் கணக்கை மனிதர்கள் வைக்கிறார்கள். ஸ்டூவர்டுகள் எனப்படும் நடுவர்கள் ஒவ்வொரு பந்தயத்தையும் பல கோணப் படப்பதிவில் திரும்பப் பார்க்கிறார்கள். 2023இல் திருத்தப்பட்ட விதிப்படி, சமதளப் பந்தயத்தில் ஜாக்கி குதிரையை விரைவுபடுத்தச் சாட்டையை ஆறு முறை பயன்படுத்தலாம். தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு முறை. கையைத் தோளுக்கு மேல் ஓங்குவதும், குதிரை பதில் சொல்ல அவகாசம் தராமல் அடுத்தடுத்து அடிப்பதும், வெல்ல வாய்ப்பே இல்லாத குதிரையை அடிப்பதும் எண்ணிக்கைக்கு உட்பட்டிருந்தாலும் குற்றங்களே. இவ்வளவு நுட்பமான கண்காணிப்புக்கு அடியில் பழைய அறக்கேள்வி ஒன்று கிடக்கிறது. சம்மதம் சொல்ல முடியாத ஓர் உயிருக்கு இழைத்த தவறால் ஒருவர் வென்றால், அந்த வெற்றி அவருக்குச் சொந்தமாகுமா? ஆகாது என்பதே என் வாதம். அடித்த கையைத் தண்டித்துவிட்டு அந்த அடியால் வந்த பலனை அப்படியே விட்டுவைக்கும் எந்த விதியும், குதிரையைக் காக்கும் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.

ஸ்டூவர்ட் என்ற சொல்லுக்குப் பழைய தமிழ் பைபிள் தரும் சொல் உக்கிராணக்காரன். பிறர் பொருளைக் காத்துப் பகிர்ந்து கணக்கு ஒப்படைக்க வேண்டியவர் என்று பொருள். பந்தய உலகில் அவர் யாருடைய பொருளைக் காக்க வந்தார் என்பதற்கு வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது. 1791 அக்டோபரில் நியூமார்க்கெட்டில் வேல்ஸ் இளவரசரின் எஸ்கேப் என்ற குதிரை, சாம் சிஃப்னி என்ற ஜாக்கியின் கீழ் முதல்நாள் தோற்றது. மறுநாள், வெல்லாது என்று பலரும் எண்ணிய நிலையில், அதே குதிரை வென்றது. முதல்நாள் வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தார் என்ற சந்தேகம் எழுந்தது. பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப்பின் ஸ்டூவர்ட் சர் சார்ல்ஸ் பன்பரி, சிஃப்னி தொடர்ந்து சவாரி செய்தால் எந்தக் கனவானும் இளவரசரின் குதிரைகளோடு தன் குதிரையை ஓடவிட மாட்டார் என்று எச்சரித்தார். இளவரசர் நியூமார்க்கெட்டை விட்டே விலகினார். அரச குடும்பத்தின் முன்னாலும் வளையாத துணிவு அது. ஆனால் அந்தத் துணிவு காத்தது பணம் கட்டியவர்களின் நம்பிக்கையை. விலங்கு சிந்திக்குமா என்பதல்ல, துன்பப்படுமா என்பதே கேள்வி என்ற ஜெரமி பெந்தமின் நூல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1789இல் வெளிவந்திருந்தது. குதிரையையும் மாட்டையும் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற 1822 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவர் முதலில் வந்தார். குதிரை அவர் பொறுப்புக்குள் பிறகுதான் வந்தது.

இந்த முன்பின் வரிசை அண்மைக் காலம் வரை தீர்ப்புகளில் தெரிந்தது. பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை, 2011இல் நடந்ததை, எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுகளில் முப்பது தடைகள். முதல் சுற்றில் இரண்டு குதிரைகள் விழுந்து இறந்தன. அவை கிடந்த இடங்களைத் தவிர்க்க, இரண்டாம் சுற்றில் இரு தடைகளைச் சுற்றி மற்றக் குதிரைகள் திருப்பிவிடப்பட்டன. பாலபிரிக்ஸ் வென்றது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் ஜாக்கி குதித்து இறங்கினார். வெப்பத்தில் தளர்ந்த குதிரைமேல் தண்ணீர் ஊற்றினார்கள். சாட்டையை அளவுமீறிப் பயன்படுத்தியதற்காக அந்த ஜாக்கிக்கு ஐந்து நாள் தடை விதிக்கப்பட்டது. வெற்றி அப்படியே நின்றது. இதன் எதிரில் அமெரிக்காவின் 2019 கென்டக்கி டெர்பியை வைத்துப் பாருங்கள். முதலாவதாக வந்த மேக்சிமம் செக்யூரிட்டி, திருப்பத்தில் விலகி ஓடி மற்றக் குதிரைகளின் வழியை மறித்தது. மூன்று நடுவர்கள் இருபது நிமிடங்களுக்கு மேல் படத்தைப் பார்த்து, அதைப் பதினேழாம் இடத்துக்கு இறக்கி, கன்ட்ரி ஹவுஸை வென்றதாக அறிவித்தார்கள். 1875இல் தொடங்கிய பந்தயத்தில், ஓட்டத்தின்போது நடந்த தவறுக்காக வென்ற குதிரை பட்டம் இழந்தது அதுவே முதல்முறை. இரண்டும் வேறு நாடுகள், வேறு விதிகள். ஆனாலும் உள்ளே ஓடும் எண்ணம் தெரிகிறது. போட்டியாளருக்கு இழைத்த தவறு முடிவையே மாற்றவல்லது. தன்னைச் சுமந்து ஓடிய குதிரைக்கு இழைத்த தவறு, சவாரிக்காரரின் சில நாள் வருமானத்தோடு முடிந்துவிடும்.

ஒரு கோயில் தர்மகர்த்தா சுவாமி நிலத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் கட்டிவிட்டு லாபத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். பிறர் பொருளைக் காக்க வந்தவர், அதை மீறி ஈட்டியதைத் திருப்பித் தருவதுதான் முதல் நியாயம், தண்டனை அதற்கு மேல். மைனர் சொத்தைப் பார்க்கும் கார்டியனுக்கும் இதே அளவுகோல்தான். வாய் திறந்து கேட்க முடியாதவரின் சார்பில் பொறுப்பு ஏற்பவருக்கு விதி கூடுதலாக இறுகுவதற்குக் காரணமே, அந்தப் பக்கமிருந்து புகார் வராது என்பதுதான். குதிரையும் அப்படித்தான். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததும், பங்கேற்புக் கட்டணம் கட்டியதும், ஆபத்தை ஏற்றுக்கொண்டதும் மனிதர்கள். சேணத்தின் கீழ் இருப்பது எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் 2023 விதியை ஒரு முன்னேற்றமாக மதிக்கிறேன். எல்லையை நான்கு அடிகளோ அதற்கு மேலோ தாண்டினால் குதிரை தகுதி இழக்கிறது, பரிசும் போகிறது. குதிரைக்குச் செய்த தவறு வெற்றியைத் தொடும் என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது இதில்தான். ஆனால் சமதளத்தில் அது பத்தாவது அடியில்தான் தொடங்குகிறது. ஏழாவது அடி தவறு என்று விதியே சொல்லியிருக்க, அந்த அடியால் கிடைத்த வெற்றி மட்டும் எப்படித் தூய்மையாக நிற்கிறது?

இதற்குச் சொல்லப்படும் பதில், ஜாக்கியின் ஒரு கணத் தவறுக்கு உரிமையாளரும், பயிற்சியாளரும், லாயத்தில் விடியுமுன் எழுந்து உழைப்பவர்களும் ஏன் இழக்க வேண்டும் என்பது. மனிதாபிமானமுள்ள கேள்விதான். ஆனால் பந்தய உலகம் வேறு இடங்களில் இந்தத் தயக்கம் காட்டுவதில்லை. ஓடி முடித்துத் திரும்பும் ஜாக்கி, அனுமதித்த அளவுக்கு மேல் எடை குறைந்து இறங்கினால் குதிரை தகுதி இழக்கிறது. தோல்வியடைந்த யாருக்கும் அது அநியாயமாகத் தோன்றுவதில்லை. 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் உடலில் பந்தய நாளில் இருக்கக் கூடாத பீட்டாமெத்தசோன் என்ற மருந்து இருந்ததற்காக, அடுத்த ஆண்டு பட்டம் பறிக்கப்பட்டது. உரிமையாளரின் கை அதில் இருந்ததா என்று பார்த்து அந்த முடிவு எடுக்கப்படவில்லை. போட்டி நேர்மையாக இருக்க வேண்டும் என்றால் குற்றமற்றவரும் இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதைப் பந்தயம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே கண்டிப்பைக் குதிரையின் உடம்புக்கும் நீட்டச் சொல்வது புதிய சுமை ஆகாது. உரிமையாளரும் இழப்பார் என்று தெரிந்தால், ஏழாவது முறை ஓங்காதே என்று ஜாக்கிக்குச் சொல்லி அனுப்பும் முதல் ஆள் அவரே ஆவார்.

அடுத்த மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. சாட்டை இல்லாவிட்டால் குதிரை கட்டுக்குள் நிற்காது, மனித உயிருக்கே ஆபத்து என்பார்கள். ஜாக்கிகளின் தொழில் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அவர்கள் கவலையை லேசாகத் தள்ளக்கூடாது. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்கப் பிரிட்டனிலேயே வாய்ப்பு இருந்தது. அனுபவம் குறைந்த ஜாக்கிகளுக்கென்று, கையாலும் குதிகாலாலும் மட்டுமே குதிரையை ஊக்க அனுமதிக்கும் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. சாட்டை கையில் இருக்கும், ஆபத்துக்கு மட்டும். அவற்றையும் வழக்கமான பந்தயங்களையும் சேர்த்து 126 ஓட்டங்களை ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. குதிரை நேராக ஓடுவதிலோ, மற்றவற்றை இடைஞ்சல் செய்வதிலோ, ஓட்ட நேரத்திலோ அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, அடிபடும் பகுதியின் மேல்தோலில் உள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியில் மனிதத் தோலுக்கும் குதிரைத் தோலுக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. நார்வே 1982லேயே சாட்டையடியைத் தடை செய்தது; அங்கே பந்தயம் நின்றுபோகவில்லை. தற்காப்புக்குச் சாட்டை வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எல்லைக் கோட்டுக்கு முந்திய இருநூறு மீட்டரில் விழும் அடி தற்காப்பு அல்ல.

எண்ணிக்கை என்பதே பொருளற்றது, ஆறு சரி ஏழு தவறு என்று எந்த வேதம் சொன்னது என்றும் கேட்கிறார்கள். வலிக்கு எண் கிடையாது என்பது உண்மை. முதல் அடியே தவறாக இருக்கலாம். ஆனால் எண் வலியை அளக்க வந்ததல்ல. வேகத்தின் உச்சத்தில், வெற்றி ஒரு கழுத்து தூரத்தில் இருக்கும்போது, எந்த மனிதரும் தன் கையைத் தானே அளக்க மாட்டார் என்று தெரிந்து முன்கூட்டியே போட்ட வேலி அது. ஜாக்கியின் நிலை உண்மையிலேயே இக்கட்டானது. கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடத்துக்குக் குதிரையை ஓட்ட வேண்டும் என்பதும் விதி. ஓட்டாவிட்டால் அதற்கும் விசாரணை உண்டு. ஒரு பக்கம் பணம் கட்டியவர்களுக்குக் கடமை, மறுபக்கம் தன் கீழே மூச்சிரைக்கும் உயிருக்குக் கடமை. இரண்டும் மோதும் இடத்தில் எது பெரிது என்பதை அந்த ஒரு மனிதரின் நொடி நேர மனசாட்சியிடம் விட்டுவிடுவது அவருக்கே செய்யும் அநீதி. வேலி தெளிவாக இருந்தால் அவர் சுமை குறைகிறது.

இந்தப் பந்தயம் இல்லாவிட்டால் இந்தக் குதிரைகள் பிறந்தே இருக்கா, பிறந்தவை ராஜபோகத்தில் வளர்கின்றன என்ற வாதமும் உண்டு. நல்ல லாயம், நல்ல தீவனம், மருத்துவம் எல்லாம் மெய். ஆனால் பிறப்பித்தவர் பிறந்ததற்குக் கடன்காரர் ஆகிறார். பிறந்தது பிறப்பித்தவருக்குக் கடன்படுவதில்லை. பிள்ளை பெற்றதையே காரணமாகச் சொல்லிப் பிள்ளையை அடிக்கும் தகப்பனை நாம் ஏற்பதில்லை. நம் தேவைக்காக ஓர் இனத்தைத் தலைமுறை தலைமுறையாக வேகத்துக்கென்றே வார்த்தெடுத்தோம் என்றால், அதன் மெல்லிய கால் எலும்புக்கும் நாமே பொறுப்பு.

கடைசியாக, மிகக் கனமான மறுப்பு: குதிரைகள் விழுந்து சாகின்றன, நீங்கள் சாட்டையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 2012 கிராண்ட் நேஷனலில், அந்த ஆண்டின் செல்டன்ஹாம் கோல்டு கப்பை வென்ற சின்க்ரனைஸ்டு, தொடங்கும் முன்பே ஜாக்கியைத் தள்ளிவிட்டு ஓடியது. பிடித்து வந்து மருத்துவர் பரிசோதித்து ஓட அனுமதித்தார்கள். பிறகு விழுந்தது, ஆளில்லாமல் மேலும் ஓடியது, கால் முறிந்தது, கருணைக்கொலை செய்யப்பட்டது. முதல் ஓட்டத்துக்கும் அந்த முறிவுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல ஆதாரமில்லை. பரிசோதித்தவரைக் குறை சொல்லவும் இடமில்லை. அந்தச் சில நிமிடங்கள் கேட்கும் கேள்வி மட்டும் முக்கியம்: சந்தேகத்தின் பலன் யாருக்கு? நீதிமன்றத்தில் அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. பந்தயத்தில் அது பேச முடியாத குதிரைக்குப் போக வேண்டும். அதன் பிறகு, கிராண்ட் நேஷனல் நடக்கும் ஏய்ன்ட்ரீ மைதானத்தின் தடைகளுக்குள்ளே இருந்த மரக்கட்டை நீக்கப்பட்டு வளையும் பிளாஸ்டிக் வந்தது. 2024இல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை 40இலிருந்து 34 ஆனது. சாட்டைக்கு எல்லை வைத்த அதே எண்ணம்தான் தடையையும் மாற்றியது. ஏழாவது அடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனம், நொண்டும் காலையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

நம் நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் நடந்தது. சென்னை கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அங்கே எழுந்த கேள்வி அது சூதாட்டமா என்பதே. குதிரையின் வலி வழக்கின் பொருளாக இல்லை. விலங்குக்குத் துன்பமின்றி வாழும் உரிமை உண்டா என்பது ஜல்லிக்கட்டு வழக்கில், 2014இல்தான் முழு வீச்சோடு எழுந்தது. அதன் பிறகு ஜல்லிக்கட்டை அனுமதித்த சட்டத்திருத்தம் செல்லும் என்று பிற்கால அமர்வு 2023இல் சொன்னது வேறு விஷயம். இரண்டு கேள்விகளுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். பணத்தின் கேள்வி எங்கும் முந்திக்கொண்டு வருகிறது, உயிரின் கேள்வி பின்னால் நடந்து வருகிறது.

பிரிட்டனின் புதிய விதியிலும் அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. சாட்டை மீறல்களைப் பந்தயம் முடிந்து சில நாள் கழித்து ஒரு குழு பரிசீலிக்கிறது. குதிரை தகுதி இழந்தாலும், பந்தய நாளில் அதன்மேல் கட்டிய பணத்துக்குக் கொடுத்த பட்டுவாடா மாறுவதில்லை. உரிமையாளரின் பரிசு போகிறது. அந்த அடிகளால் லாபம் பார்த்தவர் லாபத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றே, முடிவு அறிவிக்கும் முன்பே அடிகளை எண்ணி முடித்து, ஏழாவது அடியிலேயே வெற்றி விழும் என்று விதி வைத்தால்தான் உக்கிராணக்காரர் தன் கணக்கைச் சரியாக ஒப்படைத்தவர் ஆவார். பிலெயாமின் கழுதைக்கு ஒரு முறை வாய் திறக்கப்பட்டது. நியூமார்க்கெட்டிலோ ஏய்ன்ட்ரீயிலோ எந்தக் குதிரைக்கும் அது திறக்கப்போவதில்லை. கோபுரத்தில் அமர்ந்து படத்தைத் திருப்பிப் பார்க்கும் மனிதர் கேட்காவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்க வேறு ஆள் கிடையாது.