பழுதறியும் அறம்

சிங்கப்பூரின் வடபகுதியில், ஜோகூர் கடற்பாலத்திற்கு அணித்தே அமைந்துள்ளது மார்சிலிங். அடுக்குமாடி வீடுகளும் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்து நிற்கும் அவ்வட்டாரத்துப் பட்டறை ஒன்றிற்குப் பழைய கார் ஒன்று கொண்டுவரப்படுகிறது எனக் கொள்ளலாம். சாலை விளக்கில் நிற்கும்போதெல்லாம் அதன் இயந்திரம் நடுங்குகிறது. சில வேளைகளில் அணைந்தும் போகிறது. "என்ன கோளாறு?" என்று உரிமையாளர் வினவுகிறார். எளிய வினாதான். ஆயினும் அதற்கு விடை கூறுவது தொழிலறிவைச் சார்ந்தது மட்டுமன்று, அறத்தையும் சார்ந்தது. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் கூறலாமா? கூறியது பொய்த்தால் அதன் சுமை யாரைச் சேரும்? இவையே ஈண்டு ஆராயத்தக்கவை.

சிங்கப்பூரில் பழைய காரை வைத்திருப்பது தற்செயலாக நேர்வதன்று. 1990ஆம் ஆண்டு வாகன ஒதுக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அம்முறையில் கார் வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். அதன் காலம் பத்து ஆண்டுகள். காலம் முடிந்தபின் காரைப் பதிவு நீக்கம் செய்யலாம். அல்லது மேலும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் பணம் செலுத்திப் புதுப்பிக்கலாம். பத்து ஆண்டு கடந்த காருக்குச் சாலைவரியும் கூடுகிறது. ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. எனவே பழைய காரின் உரிமையாளர் என்பவர் பெரும்பாலும் கணக்குப் பார்த்துத் துணிந்து அதனை வைத்துக்கொண்டவர். அந்தக் கணக்கின் உயிர்நிலை இயந்திரம். அது நடுங்கும்போது அவருடைய கணக்கும் நடுங்குகிறது.

பெட்ரோல் இயந்திரம் ஓடுவதற்கு நான்கு தேவை. காற்று வேண்டும், அதனோடு அளவாகக் கலந்த எரிபொருள் வேண்டும், அக்கலவை உருளையினுள் போதிய அழுத்தம் பெறல் வேண்டும், உரிய கணத்தில் தீப்பொறி எழுதல் வேண்டும். இந்நான்கனுள் எது குறைந்தாலும் இயந்திரம் நடுங்கும். பிளக் தேய்ந்தாலும் நடுக்கம். காற்றுக் குழாயில் விரிசல் விழுந்தாலும் நடுக்கம். வால்வு சரியாக மூடாவிட்டாலும் நடுக்கம். விளைவு ஒன்று, காரணங்களோ பல. ஆகவே நடுக்கத்தை மட்டும் கண்டு, "பிளக்கே காரணம்" என்று முடிவு கட்டுவது அறிவுநெறி ஆகாது.

இவ்வுண்மை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கிறார். மெய்யான ஏது இன்னது, ஏதுவைப்போல் தோன்றும் போலி இன்னது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். அப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம். நிறுவ வேண்டிய பொருளுக்கும் அதன் மறுதலைக்கும் பொதுவாக நிற்கும் ஏது எதனையும் நிறுவாது என்பது அதன் சாரம். பிளக் தேய்ந்த காரும் நடுங்கும். பிளக் நன்றாயிருக்கும் காரும் நடுங்கும் என்றால், நடுக்கம் எங்ஙனம் பிளக்கின் குற்றத்திற்குச் சான்றாகும்? அளவை நூலார் மலையில் புகை கண்டு நெருப்பை அறிந்தனர். கார்ப் பட்டறையிலோ புகையின் நிறத்தையும் நோக்க வேண்டியுள்ளது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுந்திருப்பதைக் காட்டும். இயந்திரம் சூடேறிய பின்னும் நீங்காத அடர்ந்த வெண்புகை, குளிர்நீர் உருளையினுள் கசிவதைக் காட்டக்கூடும்.

இவ்வாறு நோக்காது ஊகத்தால் உறுப்புகளை மாற்றுவோரும் உளர். முதலில் பிளக்குகள் மாற்றப்படுகின்றன, நடுக்கம் நீங்கவில்லை. பின்னர் இக்னிஷன் காயில் மாற்றப்படுகிறது, நடுக்கம் நீங்கவில்லை. மூன்றாம் முறை கணினிக் கருவி இணைக்கப்படுகிறது. 1996ஆம் ஆண்டு மாடல் தொடங்கி அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பொதுக் குறியீட்டு முறை, பின்னர்ப் பிற நாட்டுக் கார்களிலும் பரவியது. கலவையில் எரிபொருள் குறைவு என்று கருவி ஒரு குறியீட்டைக் காட்டுகிறது. அச்செய்திக்கு அடிப்படையான அளவைத் தந்தது புகைப்போக்கிக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார். உடனே, "சென்சார் கெட்டுவிட்டது" என்று அதுவும் கழற்றி எறியப்படுகிறது.

உண்மையில் நிகழ்ந்தது வேறாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் கிடந்த ரப்பர் குழாய் இறுகி வெடித்திருக்கலாம். அவ்விரிசல் வழியே, அளக்கப்படாத காற்று உள்ளே புகுகிறது. காற்று மிகுந்ததால் கழிவுப் புகையில் ஆக்சிஜன் மிகுகிறது. சென்சார் கண்டதைக் கண்டபடி உரைத்தது, அவ்வளவே. குற்றம் செய்த குழாய் இருந்த இடத்திலேயே இருக்க, மெய் சொன்ன சென்சார் தண்டனை பெற்றது. தீய செய்தி கொணர்ந்த தூதனைக் கொன்ற மன்னனின் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

இம்மூன்று மாற்றங்களுக்கும் பணம் செலுத்தியவர் உரிமையாளர். இங்குதான் தொழிற்பிழை அறப்பிழையாகிறது. தன் பொருளைப் பணயம் வைத்து ஊகிப்பவன் துணிச்சல்காரன். பிறர் பொருளைப் பணயம் வைத்து ஊகித்து, அதனை ஊகம் என்று சொல்லாது மறைப்பவன் நம்பிக்கையைக் களவாடுகிறான்.

இதற்கு மறுப்பும் உண்டு. ஊகமின்றி எந்த ஆராய்ச்சியும் தொடங்காது. முப்பது ஆண்டு அனுபவம் உடையவரின் காதும் கையும் கருவியினும் விரைந்து உண்மையைத் தொடும். மலிவான உறுப்பை மாற்றிப் பார்ப்பது நெடுநேரம் சோதிப்பதைவிடச் சில வேளைகளில் சிக்கனமாகும் என்பர். இவை மறுக்கத்தக்கன அல்ல. ஊகம் குற்றமன்று, ஊகத்தைத் தீர்ப்பாக அறிவிப்பதே குற்றம். "இதுவாக இருக்கலாம், மாற்றிப் பார்க்க இவ்வளவு ஆகும், பயன் தராமலும் போகலாம்" என்று கூறி ஒப்புதல் பெற்றபின் மாற்றுபவர் எவரையும் ஏமாற்றவில்லை. முடிவு செய்யும் உரிமையை உரியவரிடமே விட்டுவிடுகிறார்.

சோதனை என்பதும் பெரும்பொருள் செலவிடுவதன்று. இரு காரணங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு செயலைத் தேர்ந்து செய்வதாகும். ஓர் உருளையில் அழுத்தம் குறைந்துள்ளது எனக் கொள்வோர், அதனுள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளப்பர். அழுத்தம் நன்கு உயர்ந்தால், எண்ணெய் பிஸ்டன் வளையங்களைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்தது என்பது பொருள். தேய்வு பெரும்பாலும் அங்கே. உயராவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ ஐயுறுதல் வேண்டும். காற்றுக் குழாயின் விரிசலைக் காணவும் வழி உண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காற்று செல்லும் பாதையில் புகையைச் செலுத்தினால் அது விரிசல் வழியே வெளிப்படும். மலைப்புகை நெருப்பைக் காட்டியதுபோல் இப்புகை பழுதைக் காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்சிக் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட, மோட்டார் சைக்கிள் பராமரிப்பை முன்வைத்து மெய்ப்பொருள் பேசும் நூலில் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றைக் காணலாம். பழுதான வண்டியைப் பட்டறையார் அக்கறையின்றிப் பிரித்துப் பிரித்துப் பூட்டுகின்றனர். புதிய சேதங்களும் விளைகின்றன. இறுதியில் காரணமாக வெளிப்பட்டது, எண்ணெய் வழங்கும் அமைப்பில் முறிந்துபோன, 25 சென்ட் பெறுமான சிறு ஊசி. அவர்களிடம் குறைந்தது கருவியன்று, கவனமே என்பது நூலாசிரியர் கண்ட முடிவு.

எனினும் பழி முழுவதையும் பட்டறையின் மீதே சுமத்துவது நேர்மையாகாது. எண்ணெய் மாற்ற வேண்டிய காலம் கடந்ததை உரிமையாளர் சொல்வதில்லை. சூட்டுமானி சிவப்பைத் தொட்ட பின்னும் வண்டியை ஓட்டியதை மறைக்கிறார். "இன்னும் தெரியவில்லை, சோதித்துச் சொல்கிறேன்" என்பவரைத் திறமையற்றவர் எனக் கருதி விலகுகிறார், கேட்டவுடன் விடை சொல்பவரைக் கெட்டிக்காரர் எனப் போற்றுகிறார். உண்மைக்குக் கூலி கொடுக்க மறுத்து உறுதிக்கு மட்டும் கூலி கொடுக்கும் இடத்தில், பொய்யான உறுதியே விளைபொருளாகும். கேட்பவர் பொறுமை காத்தாலன்றி, சொல்பவர் வாய்மை காத்தல் அரிது.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம், மருத்துவர்க்கு நோயை அறிதலும் அதன் மூலத்தை அறிதலும் வெவ்வேறு கடமைகள் எனப் பிரித்துரைக்கிறது. அக்கடமை மருத்துவத்தோடும் பட்டறையோடும் நின்றுவிடுவதன்று. ஒரு மாணவன் தேர்வில் தோற்கிறான். கண்பார்வை குன்றியிருக்கலாம், இல்லத்தில் தமிழ் ஒலிக்காமல் இருக்கலாம், உறக்கம் கெட்டிருக்கலாம், பாடமே அவனுக்கு எட்டாத படியில் தொடங்கியிருக்கலாம். மதிப்பெண் ஒன்று, காரணங்களோ பல. "மந்த புத்தி" என்று ஆசிரியர் எழுதும் ஒரு சொல், சோதியாது கழற்றி எறிந்த சென்சாரை ஒத்தது. கடையில் வேறு சென்சார் கிடைக்கும். மாணவனுக்கு மாற்று இல்லை.

மீண்டும் மார்சிலிங் பட்டறைக்கு வரலாம். முறையாகத் தேடியபின் இரண்டில் ஒன்று நிகழும். விரிசலுற்ற ஒரு குழாயை மாற்றியதும் இயந்திரம் அமைதி பெறும்; அல்லது வளையங்கள் தேய்ந்துவிட்டன, செலவு காரின் எஞ்சிய காலத்திற்குத் தகாது என்ற செய்தி வரும். இரண்டாவது கசப்பானதே. ஆயினும் அதனைக் கேட்டவர், எஞ்சிய ஆண்டுகளையும் கையிருப்பையும் எண்ணித் தாமே முடிவெடுக்க வல்லவராகிறார். மூன்று உறுப்புகளுக்குப் பணம் கொடுத்தும் காரணம் அறியாதிருந்தபோது அவருக்கு அவ்வுரிமை இல்லை. பழுதறிவோர் பிறருக்கு வழங்கக்கூடிய முதற்பொருள் பழுது நீக்கமன்று. தன் நிலையை உள்ளவாறு அறியும் வாய்ப்பேயாம். "இன்னும் தெரியவில்லை" என்று கூற நாணாதவரிடமே அவ்வாய்ப்புக் கிட்டும்.