கைதியின் சம்மதம், ஆளுநரின் அனுமதி

1806-இல் சாமுவேல் மார்ஸ்டன் என்ற ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்திய நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் இருந்த பெண்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டில் ஒரு சொல் விழுந்தது: மணமானவள், அல்லது வைப்பாட்டி. மணமானவர்கள் நானூறுக்கும் குறைவு. வைப்பாட்டிகள் ஆயிரத்துக்கும் மேல். பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் ஒருவனோடு வாழ்ந்து நாலு பிள்ளை பெற்றவள், தங்கள் சமய முறைப்படி மணந்த ஐரிஷ் கத்தோலிக்கப் பெண், தனியாகத் துணி துவைத்துப் பிழைத்தவள் என்ற வேறுபாடெல்லாம் பாதிரியாருக்குப் பொருட்டாக இல்லை. தம்முடைய சபையின் சடங்கு நடந்ததா என்பது ஒன்றே அவருடைய அளவுகோல். அந்தக் கணக்கு லண்டனுக்குப் போனது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பெண்கள் எல்லாம் ஒழுக்கங்கெட்டவர்கள் என்ற பேச்சுக்கு வெகுகாலம் அதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

கத்தோலிக்கர் முறைப்படி மணந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மணம் முடித்துவைக்க அவர்களுக்குப் பாதிரியார் வேண்டுமே. கைதியாக வந்த ஜேம்ஸ் டிக்சன் என்ற பாதிரியாருக்கு 1803-இல் வழிபாடு நடத்த அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு காஸில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கலகம் செய்ததும் அது பறிபோனது. அரசு ஒப்புக்கொண்ட கத்தோலிக்கப் பாதிரியார்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 1820-இல்தான். வாசலை அடைத்துவிட்டு, உள்ளே வராதவர்களின் பட்டியலை எடுத்த கதை இது.

திருமணம் என்பது இருவரின் சம்மதம். அந்தச் சம்மதத்துக்குச் சாட்சி வேண்டும், பதிவு வேண்டும், சான்றிதழ் வேண்டும் என்று அரசு கேட்பதில் குற்றம் காண முடியாது. இவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒருவன் கைவிரிக்கும் நாளில் அந்தத் தாள் பெண்ணுக்குத் துணை நிற்கும். ஆனால் நடந்ததைப் பதிவு செய்யும் அதிகாரம், நடக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரமாக எந்த இடத்தில் மாறுகிறது? அப்படி மாறிய பிறகு மணமக்கள் சொல்லும் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சுகிறது? நியூ சவுத் வேல்ஸ் போல இந்தக் கேள்வியைப் பச்சையாகக் காட்டும் இடம் சரித்திரத்தில் அதிகம் இல்லை. அங்கே மணம் செய்துகொள்ள விரும்பியவர்களில் பெரும்பாலோர் சிறைப்பட்டவர்கள். அனுமதி கொடுத்தவரே அவர்களுடைய சிறைக்காவலர்.

முதல் கப்பல் கூட்டம் வந்து சேர்ந்தது 1788 ஜனவரியில். பிப்ரவரி 10 அன்று ரிச்சர்ட் ஜான்சன் பாதிரியார் முதல் கல்யாணங்களை நடத்திவைத்தார். அன்று மணந்தவர்களில் ஹென்றி கேபிளும் சுசன்னா ஹோம்ஸும் ஒரு ஜோடி. இங்கிலாந்தில் நாரிச் சிறையில் இருந்தபோதே இவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அங்கேயே மணம் செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. சுசன்னாவை மட்டும் கப்பலேற்றத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனபோது, கைக்குழந்தையை ஏற்க முடியாது என்று கப்பல் தலைவன் சொல்லிவிட்டான். சிம்ப்சன் என்ற சிறைக்காவலர் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டன் வரை போய் உள்துறை அமைச்சரையே பார்த்து, தாய், தகப்பன், பிள்ளை மூவரும் ஒன்றாகப் போக உத்தரவு வாங்கி வந்தார். இந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்கள் பணம் திரட்டி அந்தக் குடும்பத்துக்குத் துணிமணி வாங்கி அனுப்பினார்கள். அந்த மூட்டை கப்பலில் காணாமல் போனது. 1788 ஜூலையில் கேபிள் தம்பதியர் மூட்டையை ஏற்றிவந்த கப்பலின் தலைவன் மேல் வழக்குப் போட்டு 15 பவுண்டு இழப்பீடு பெற்றார்கள். அந்தக் குடியேற்றத்தின் முதல் சிவில் வழக்கு அதுதான். மரண தண்டனை பெற்றுப் பின் குறைக்கப்பட்ட குற்றவாளிக்கு இங்கிலாந்தின் சட்டப்படி வழக்காடும் உரிமையே கிடையாது. ஆனாலும் நீதிமன்றம் அவர்களைக் கணவன் மனைவியாக நிறுத்தி வழக்கைக் கேட்டது. அரசின் பதிவு எளியவர்களுக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே நாளில் மணந்த இன்னொரு ஜோடி வில்லியம் பிரையன்ட், மேரி. இங்கே கல்யாணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று பிரையன்ட் வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தான். அது அவனுடைய நினைப்பு மட்டுமல்ல, அவனைப் போன்றவர்கள் பலருடைய நினைப்பும்தான் என்று நீதி அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதிவைத்திருக்கிறார். தண்டனை முடிந்து ஊர் திரும்பும்போது பெண்டாட்டி பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்பது கணக்கு. அரசு விழித்துக்கொண்டது. தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி மக்களை விட்டுவிட்டு யாரும் குடியேற்றத்தை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பெண்களுக்கு நீதி. ஆனால் அந்த நாட்களில் எல்லோருக்கும் சோறு போட்டது அரசின் கிடங்கு. கைவிடப்பட்ட குடும்பம் கிடங்கின் தலையில் விழும் என்ற கவலைதான் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்தது. பிரையன்ட் எப்படியும் போய்விட்டான்; 1791-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு படகில் ஏற்றிக்கொண்டு, வேறு சில கைதிகளோடு தைமூர் வரை கடலைக் கடந்தான். கல்யாணம் கட்டுப்படுத்தாது என்று பேசியவன் குடும்பத்தோடுதான் தப்பினான் என்பதை உத்தரவு எழுதியவர்கள் கவனித்தார்களா என்று தெரியாது.

அரசின் நோக்கம் கஞ்சத்தனமாக இருந்தது என்பதால் அந்த உத்தரவு தவறாகிவிடாது. கிடங்கின் அரிசிக் கணக்கைப் பார்த்துச் செய்தாலும், ஒரு தாயும் பிள்ளையும் கைவிடப்படாமல் இருந்தால் அது நல்லதுதான். சட்டத்தை எடைபோடும்போது எழுதியவனின் மனசைப் பார்ப்பதைவிட, அதன் கீழே வாழ்ந்தவர்களுக்கு என்ன வழிகள் மிஞ்சின என்று பார்ப்பதே நியாயம். அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதுதான் அனுமதி முறையின் உண்மையான உருவம் தெரியவருகிறது.

தண்டனைக் காலத்தில் இருப்பவர் மணம் செய்ய வேண்டுமென்றால் ஆளுநரின் அனுமதி வேண்டும். பாதிரியார் மூலம் விண்ணப்பம் போகும். வந்த கப்பலின் பெயர், வயது, தண்டனை எத்தனை வருடம், கைதியா விடுதலை பெற்றவரா என்ற விவரங்கள் ஒரு பேரேட்டில் ஏறும். கடைசியில் அனுமதியா, மறுப்பா என்ற முடிவு. 1826 முதல் 1851 வரைக்குமான இந்தப் பதிவேடுகள் இன்றும் சிட்னி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இருபத்தொரு வயது நிறையாத சுதந்திரக் குடிமகன் தகப்பனிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். நாற்பது வயதுக் கைதியும் அந்தப் பிள்ளையின் நிலையில்தான் நிறுத்தப்பட்டான். அவனுக்குத் தகப்பன் ஆளுநர்.

மறுப்புக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கப்பலை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரிடமும் மணமானவரா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பல வருடம் கழித்து மண அனுமதி கேட்டால் எழுத்தர் அந்தப் பழைய பட்டியலைப் புரட்டுவார். அதில் 'மணமானவர்' என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சியவர்கள் உண்டு. கணவன் செத்துவிட்டான் என்று ஊரிலிருந்து வந்ததாகக் கடிதம் காட்டியவர்களும் உண்டு. அவற்றில் எது உண்மை, எது நாலு காசு கொடுத்து எழுதி வாங்கியது என்பதை எழுத்தரால் சொல்ல முடியாது. புதிதாக வந்திறங்கிய ஒரு பெண், மணமானவள் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம். அந்த ஒரு சொல் அவளைப் பத்து வருடம் துரத்தும்.

ஆனாலும் அந்தத் தடையை வெறும் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் உண்மையிலேயே ஒரு மனைவி இருந்தாள். கணவன் செய்த குற்றத்துக்கு அவளும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கே புதிதாக ஒருத்தியைக் கட்டிக்கொள்ள அரசே அனுமதிச் சீட்டு கொடுத்தால், அவளுக்கு நடந்த அநியாயத்தில் அரசும் கூட்டாளி. துணை கடல்கடந்து ஏழு வருடம் பிரிந்திருந்தால் மறுமணம் செய்தவரை இருமணக் குற்றத்துக்காகத் தண்டிக்க வேண்டாம் என்று 1603-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. தண்டனையிலிருந்துதான் அந்த விலக்கு. முதல் துணை உயிரோடிருந்தால் இரண்டாவது கல்யாணம் செல்லாது. நாடுகடத்தலின் குறைந்த காலமும் ஏழு வருடம்தான். பிரித்து வைத்ததும் அரசு, பிரிந்திருந்த வருடங்களை எண்ணியதும் அரசு.

ஆகவே பிரச்சினை தடையில் இல்லை. பிரித்தவனே பிரிவுக்குப் பொறுப்பேற்காமல், ஒழுக்கத்துக்குக் காவலனாக மட்டும் நின்றதில் இருக்கிறது. நன்னடத்தைக் கைதிகளின் மனைவி மக்களை அரசுச் செலவில் கப்பலேற்றி அழைத்துவரும் ஏற்பாடும் இருந்தது. அப்படி வந்த குடும்பங்கள் உண்டு, ஆனால் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களே அதிகம். தீர்வு என்னவென்று தெரிந்திருந்தும், செலவைப் பார்த்து அதைச் சலுகையாகச் சுருக்கிவிட்டு, மறுப்பை மட்டும் பொதுவிதி ஆக்கியவர்கள் ஒழுக்கத்தின் பெயரைச் சொல்வது ஏற்கக்கூடியதாக இல்லை. இதில் வேறொரு அவலமும் உண்டு. பிரையன்டைப் பற்றி எழுதிய காலின்ஸுக்கு இங்கிலாந்தில் மனைவி இருந்தார். சிட்னியில் ஒரு கைதிப் பெண்ணோடு இரண்டு பிள்ளைகள். பின்னாளில் ஆளுநரான கிங்குக்கும் நார்ஃபோக் தீவில் சேர்ந்து வாழ்ந்த கைதிப் பெண் ஒருத்தியிடம் பிறந்த இரு மகன்கள் இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கவில்லை.

இனி, அனுமதி கிடைத்தவர்களைப் பார்க்க வேண்டும். சிட்னிக்கு அருகே பரமட்டாவில் 1821-இல் திறக்கப்பட்ட 'பெண்கள் தொழிற்சாலை' உண்மையில் சிறை, கம்பளி நூற்கும் பட்டறை, வேலைக்கு ஆள் அனுப்பும் இடம், மணப்பெண் பார்க்கும் இடம் எல்லாம் சேர்ந்தது. உள்ளே பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். முதல் வகுப்பில் இருந்தவர்கள் வெளியே வேலைக்குப் போகலாம், மணமும் செய்யலாம். மூன்றாம் வகுப்பு தண்டனை வகுப்பு, தலைமுடியை வெட்டிவிடுவார்கள். மனைவி தேடி வரும் ஆண் அனுமதிச் சீட்டோடு வாசலில் நிற்பான், முதல் வகுப்புப் பெண்கள் வரிசையில் நிறுத்தப்படுவார்கள், அவன் பார்த்துக்கொண்டே நடந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பான் என்று அக்காலத்தில் போய் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பார்த்ததில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்கள், வேடிக்கை எழுதுபவர்களின் வழக்கம் அது. அவளிடமும் விருப்பம் கேட்டார்கள், வேண்டாம் என்று சொன்ன பெண்களும் உண்டு என்பதையும் அதே ஆட்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் சொன்ன 'சரி' சம்மதமா? வெளியே போக இரண்டு வழி: ஏதோ ஒரு வீட்டில் ஒப்படைக்கப்பட்ட வேலைக்காரி, இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருவனின் மனைவி. நெருக்கடியில் எடுத்த முடிவு என்பதற்காக அது முடிவே இல்லை என்று சொல்வது, அந்தப் பெண்ணுக்கு இருந்த கொஞ்சநஞ்ச அறிவையும் துணிவையும் பிடுங்கிக்கொள்வதாகும். ஆளைப் பார்த்து, பேசி, இவனோடு காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அப்படி அமைந்த பல குடும்பங்கள் நன்றாகவே வாழ்ந்தன. சம்மதம் அவளுடையது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தைக் காட்டி அரசு தன் கையைக் கழுவ முடியாது. வழிகளை இரண்டாகக் குறைத்தவர், அவள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குப் பாதிப் பொறுப்பாளி. சான்றிதழில் அவளுடைய கைநாட்டு இருக்கிறது. மதில் எழுப்பியவரின் கையெழுத்தும் அதே தாளில் வேறொரு மூலையில் இருக்கிறது.

சில நேரம் இந்த ஏற்பாடு தலைகீழாகவும் திரும்பியது. கைதியாக இருந்த கணவனை, சுதந்திரக் குடியாக வந்த மனைவியிடமே வேலையாளாக ஒப்படைப்பது உண்டு. ஆங்கிலச் சட்டத்தில் மனைவியின் சொத்து, உழைப்பு எல்லாம் கணவனுக்கு அடக்கம். இங்கே கணவனே மனைவியின் பொறுப்பில் விடப்பட்ட கைதி. அவள் நினைத்தால் அவனைத் திரும்ப அரசிடம் ஒப்படைக்கலாம். ஆணாதிக்கம் ஒரு கணம் வழுக்கி விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும், இருவரில் ஒருவர் மற்றவரைச் சிறைக்கு அனுப்ப முடிகிற உறவு அது.

1810-இல் ஆளுநர் மக்குவாரி, மணமில்லாமல் சேர்ந்து வாழ்வதைக் கண்டித்து ஒரு பிரகடனம் வெளியிட்டார். உயில் எழுதாமல் ஆண் இறந்தால், கூட வாழ்ந்த பெண்ணுக்கு அவன் சொத்தில் எந்தப் பங்கும் கிடையாது என்று எச்சரித்தார். கல்யாணத்தை ஊக்குவிக்கும் வழி என்று அவர் நினைத்திருப்பார். அடி விழுந்தது விதவைக்கு. மணம் செய்ய மறுத்த ஆண் உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. 1834-இல்தான் ஸ்காட்லாந்துத் திருச்சபையினரும் கத்தோலிக்கப் பாதிரியார்களும் நடத்திவைத்த மணங்கள் செல்லுமா என்ற ஐயத்தைப் போக்க அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். மார்ஸ்டனின் ஏட்டில் வைப்பாட்டியாகி இறந்துபோனவர்களுக்கு அது உதவியிருக்காது.

கைதிகளைக் கொண்டுவருவது நின்ற பிறகு இந்த அனுமதிப் பேரேடு மூடப்பட்டது. அதன் எண்ணம் மட்டும் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டது. குவீன்ஸ்லாந்து 1901-இல் திருத்திய சட்டமும் மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905 சட்டமும், பழங்குடிப் பெண் பழங்குடியல்லாத ஒருவரை மணக்க வேண்டுமானால் 'பாதுகாவலர்' என்ற அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றன. கைதிகளாவது நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள். இந்தப் பெண்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. வெள்ளை ஆண்கள் அவர்களைச் சீரழித்துக் கைவிடுவதைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்று சொன்னார்கள், அப்படிக் கைவிட்டதும் உண்மை. தடுக்க நினைத்தவர்கள் ஆணைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 1959-இல் நடந்தது இதன் உச்சம். கால்நடை ஓட்டிப் பிழைத்த ஒரு வெள்ளையர், தாம் மணக்க விரும்பிய பழங்குடிப் பெண்ணுக்கு அனுமதி கேட்டார், நலத்துறை மறுத்தது. அவள் தன் இன வழக்கப்படி ஏற்கெனவே மணமானவள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சட்டத்தின் கண்ணில் அந்த இன வழக்கக் கல்யாணத்துக்கு வேறெந்த நாளிலும் மதிப்பு இருந்ததில்லை. அவர் ஐக்கிய நாடுகள் சபைக்கே முறையிட்டார், பத்திரிகைகளில் பெரிய செய்தியானது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கடைசியில் அரசு இறங்கிவந்து அனுமதித்தது. அந்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டதால்தான் அவர்களால் சட்டப்படி மணக்க முடிந்தது என்பதும், அப்படி ஒரு சீட்டு தேவைப்பட்டிருக்கவே கூடாது என்பதும் இரண்டுமே உண்மை.