முன்னோரை ஐயுறலாமா?

"முன்னோர் மொழியை ஐயுறுவது நன்றி கொன்ற செயல்" என்கிறார்கள். புராணத்திலே புட்பக விமானம் பறந்ததாம். ஆகவே வானூர்திக் கலை நம்முடையதாம். நம் ஏட்டைப் பார்த்து மேல்நாட்டான் செய்துகொண்டானாம்! ஆழ்வார்பேட்டையில் நாம் பாடம் நடத்தும் வகுப்பறையிலும் இந்த முழக்கத்தின் எதிரொலி கேட்கிறது. நன்று, தோழர்களே! வானூர்தியின் வரலாற்றையே சான்றுக்கு அழைப்போம்.

அமெரிக்காவில், டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் உடன்பிறப்புகளுக்கும் ஒரு முன்னோன் இருந்தான். செருமானியன் லிலியந்தால், எஞ்சினில்லா ஊர்தியிலே பறந்து பழகி, 1896-இல் விழுந்து மாண்டவன். அவனைப் போற்றினர் அவ்விருவரும். அவன் வகுத்த அட்டவணையை நம்பியே இறக்கை செய்தனர். 1901-இல் அந்த இறக்கை, கணக்குச் சொன்ன அளவுக்குத் தூக்கவில்லை! என்ன செய்தனர்? "பெரியவர் கணக்குப் பிழைக்குமா? நம் பக்திதான் போதவில்லை" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டனரா? இல்லை! மரப்பெட்டியொன்றில் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிற்றிறக்கை வடிவங்களைச் செய்து, ஒவ்வொன்றாக அளந்தனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர் பலரும் ஏற்றிருந்த காற்றழுத்தக் கணக்கெண்ணே பிழையெனக் கண்டனர். 1903 திசம்பர் 17-இல் பறந்தனர். 12 விநாடி, 120 அடி! லிலியந்தாலின் புகழ் அதனால் குன்றிற்றா?

இங்கே? 1940-இல் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் ஆதரவோடும் பாலி என்ற அமெரிக்கரின் துணையோடும் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பயிற்சி விமானமொன்று அங்கே பூட்டப்பெற்றுப் பறந்தது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் பழுதுபார்க்கும் பட்டறையாகவும் அது இருந்தது. பிறர் விமானத்தைக் கழற்றி மாட்டிக் கற்ற அதே ஆலையிலிருந்துதான், 1951-இல், வி. எம். காட்கே குழுவினர் தாமே வரைந்த எச்.டி-2 எழுந்தது. கற்பதில் என்ன இழுக்கு? நம் குரோம்பேட்டையில், ராஜம் தம் மாளிகையை விற்று 1949-இல் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரி வானூர்திப் பொறியியலைப் பாடமாக வைத்ததும் கற்பதற்காகத்தானே!

அதே பெங்களூரில் வைமானிக சாத்திரம் என்றோர் ஏடும் உலவியது. பரத்துவாச முனிவர் அருளியதாம்! இந்திய அறிவியல் கழக அறிஞர் ஐவர் 1974-இல் அதனை ஆராய்ந்து, நூல் 1904-க்கு முற்பட்டதன்று, அதிலுள்ள ஊர்திகள் பறக்கும் இயல்பினவும் அல்ல என்றனர். வெறுத்து ஒதுக்கவில்லை, படித்து, படங்களைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆயினும் 2015-இல், மும்பையில் கூடிய அறிவியல் மாநாட்டிலேயே அப்பழம்பாட்டு மீண்டும் பாடப்பட்டது.

"பெருமை பேசினால் குடியா முழுகிவிடும்?" என்று நல்லவர்கள் சிலரும் கேட்கிறார்கள். முழுகத்தான் செய்யும்! எல்லாம் ஏட்டிலே உண்டு என்று நம்பிய சிறுவன், எந்தக் கோலை எடுத்து எதை அளப்பான்? செய்யாதவனுக்குச் சூட்டும் மாலை, செய்தவன் கழுத்திலிருந்து பறித்ததல்லவா? எச்.டி-2-இன் தகட்டை வளைத்த தொழிலாளி ஒருவன் பெயரையேனும் மேடைப் பேச்சாளரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாது. முனிவரின் கோத்திரம் தெரியும்.