ஒரு நாழிகை

திருச்சியில் காவிரிக்கு வடக்கே ஒரு பிரசவக் கதை உண்டு, தெற்கே ஒன்று உண்டு. இரண்டையும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். செவிலியர் படிப்பு முடித்து லேபர் வார்டில் வேலைக்கு நின்ற பிறகுதான் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மகளுக்கு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டி வந்தபோது, இதில் நீ எந்தக் கரை என்று எனக்கே பதில் சொல்லும்படி ஆயிற்று.

வடக்குக் கதை திருவானைக்காவினுடையது. லிங்கத்தின் மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலை பின்னியது. அது அசுத்தம் என்று யானை பிய்த்துப் போட்டது. சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்தன. அந்தச் சிலந்தியே சோழ அரசி கமலவதி வயிற்றில் வந்து தங்கியது. அவளுக்கு வலி கண்ட சமயத்தில், ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆள்வான் என்றார்கள் ஜோசியர்கள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிஷம். அரசி தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள். சொன்ன நேரம் வந்ததும் இறக்கினார்கள். பிள்ளை பிறந்தது, கண்கள் சிவந்து. அந்தக் கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவள் கண்ணை மூடினாள். அவன்தான் கோச்செங்கட்சோழன். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவனை நாயன்மாராகவே பாடியிருக்கிறார்.

பிரசவம் பார்த்த கைக்கு இந்தக் கதையைக் கேஸ் ஷீட்டாகப் படிக்காமல் இருக்க முடியாது. நெருக்குண்டு பிறக்கும் குழந்தையின் வெள்ளைவிழியில் ரத்தம் கசிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஓரிரு வாரத்தில் தானாக மறைந்துவிடும். தாய் போனது மறையாது.

தெற்குக் கதை மலைக்கோட்டையினுடையது. ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு. துணைக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். இங்கே வலி எடுத்துவிட்டது. சிவபெருமான் அந்த அம்மாவின் உருவத்திலேயே வீட்டுக்குள் வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார். நிஜ அம்மா வந்து வாசலில் நின்றபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள், ஒருவர் மறைந்தார். கோயிலில் இருப்பவர் அன்றிலிருந்து தாயுமானவர். இன்றும் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுபோய்ப் படைக்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. கங்கையையே தலையில் அடக்கியவருக்குக் காவிரி எம்மாத்திரம்? வெள்ளத்தை வற்ற வைத்து அந்த அம்மாவையே இக்கரைக்கு அனுப்பியிருக்கலாம். வலியில்லாமல் பிள்ளையைக் கையில் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் செய்யாமல் புடவையைச் செருகிக்கொண்டு மருத்துவச்சி வேலை பார்த்தார். ஏன்?

மகளுக்கு அது தலைப்பிரசவம். டாக்டர் சொன்ன தேதி சித்திரை நடுவில் விழுந்தது. சம்பந்தியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. சித்திரையில் தலைச்சன் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே அதற்காகத்தான் என்பார்கள். அந்த ஏற்பாட்டைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். கத்திரி வெயிலில் பிள்ளை பிறக்க வேண்டாமென்றால் தள்ளி இரு என்றார்கள், அவ்வளவுதான். வயிற்றில் வந்த பிறகு அறுத்தெடு என்று யாரும் சொல்லவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆடி ஏது?

"பங்குனி கடைசியிலே நல்ல நாள் இருக்காம். எடுத்துடலாம்னு ஜோசியர் சொல்றார்" என்றார் சம்பந்தி.

"முப்பத்தெட்டு வாரம்கூட முடியாதுங்க சம்பந்தி. காரணமில்லாம அவ்வளவு சீக்கிரம் எடுத்தா குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம். ஸ்ரீராமர் சித்திரையிலேதானே பிறந்தார்?"

"அதான் பார்த்தோமே. பிள்ளை காட்டுக்குப் போனான், அப்பன் உயிரை விட்டான்."

அதற்குமேல் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவர்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஆயிற்றே என்று, "உடையவர் சித்திரைத் திருவாதிரையாச்சே" என்று ராமானுஜரை எடுத்தேன். கொஞ்சம் யோசித்தார். "மகான்கள் கணக்கு வேற" என்றார்.

சம்பந்தியை ஒரு பக்கம் சமாளித்தால் மகள் இன்னொரு பக்கம். ஊசி கூடாது, ட்ரிப் கூடாது, எல்லாம் இயற்கையாக நடக்க வேண்டும். "பொம்பளை உடம்புக்கே தெரியும்மா. நாமதான் நம்பணும்" என்றாள். மாப்பிள்ளை வீட்டிலேயே பிரசவம் பார்த்த யாருடைய வீடியோவையோ காட்டினார். 2018-இல் திருப்பூரில் அப்படி வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் ரத்தம் போய் இறந்தாள். அதைச் சொன்ன பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

என் அப்பா ஓதுவார். சாயங்காலங்களில் எங்களுக்குக் கொஞ்சம் சித்தாந்தமும் சொல்லிக்கொடுத்தார். அதில் எனக்கு நன்றாகப் பதிந்த பாடம் ஒன்று: உலகம், உடம்பு எல்லாம் மாயையிலிருந்து வந்தவை, மாயை சடம். சடத்துக்கு அறிவில்லை. அறிவில்லாததற்குக் கருணை எங்கிருந்து வரும்? இயற்கையை நம்பு, அது பார்த்துக்கொள்ளும் என்பது கேட்கப் பக்தி மாதிரி இருக்கிறது. சைவத்தில் அதற்கு இடமில்லை. மாயாதேவி லும்பினித் தோட்டத்தில் சால மரத்துக் கிளையைப் பிடித்து நின்றபடி புத்தரைப் பெற்றாள் என்கிறார்கள். அதைவிட இயற்கையான பிரசவம் உண்டா? ஏழாம் நாள் இறந்தாள். மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் போனாள். சாப்பாட்டுக்கும் வேலைக்காரிகளுக்கும் குறையில்லாத பெண்கள் இவர்கள்.

ஜோசியர் பக்கத்துக்கும் அப்பாவின் பாடத்தில் பதில் இருந்தது. முப்பத்தாறு தத்துவத்தில் காலமும் ஒன்று, நியதியும் ஒன்று. அவரவர் வினையை அவரவரே நுகரும்படி நிறுத்துவது நியதி. உயிர் தன் வினைக்கேற்ற உடம்பையும் நேரத்தையும் கொண்டு வருகிறது, அதைப் படித்துச் சொல்வதுதான் ஜாதகம் என்றால், ஆபரேஷன் தியேட்டரில் நேரம் குறித்து எடுத்த பிள்ளையின் ஜாதகம் யாருடைய வினை? அப்படி எடுத்ததும் வினைப்படிதான் என்று கெட்டிக்கார ஜோசியர்கள் சொல்வதுண்டு. சரி, அப்படியானால் சித்திரையில் தானாக வருவதும் வினைப்படிதானே? எதற்கு இந்தச் செலவு?

ஆக, ஒருத்தி கடிகாரத்தைக் கும்பிடுகிறாள், இன்னொருத்தி இயற்கையைக் கும்பிடுகிறாள். நடுவில் நான் ஆஸ்பத்திரி தேடினேன்.

முதலில் பார்த்தது பெரிய தனியார் மருத்துவமனை. வழவழப்பான தாளில் தண்ணீர்த் தொட்டிப் பிரசவத்தின் படம் போட்ட புத்தகம் கொடுத்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகமாக, "நல்ல நேரம் ஏதாவது பார்த்து வெச்சிருக்கீங்களா மேடம்?" என்றாள். ஓட்டலில் காரம் கூடவா குறைச்சலா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்றேன். கூப்பிட்டால் வந்துவிடுவாராம். தொட்டி இருக்கிறது, டாக்டர் வீட்டில் இருக்கிறார்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. பணத்தாசை என்று டாக்டர்கள் மேல் மட்டும் பழி போடுவது சுலபம். தனியாளாக நடத்தும் டாக்டருக்குத் தூக்கம் வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் கண்ணாடியை உடைக்க ஆள் வருவார்கள் என்ற பயம் இருக்கிறது. வலியைப் பார்த்துப் பொறுக்காமல், "எடுத்துடுங்க டாக்டர்" என்று கெஞ்சுகிற அம்மாக்களை நான் தினம் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் பஞ்சாங்கத்தோடு நிற்கிறவர்கள் எங்களைப் போலக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். இந்தக் கணக்கில் எங்கள் பங்கு டாக்டர்களுடையதைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது, பேறுகால மையம். ஒரு வீட்டை மாற்றி அமைத்திருந்தார்கள். மங்கலான விளக்கு, நடக்க இடம், பிடித்துத் தொங்கத் துணி, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். மகளுக்கு அங்கேயே தங்கிவிடத் தோன்றியது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். அவர்கள் பெண்ணைத் தொடும் விதத்திலேயே வேலை தெரிந்தது. ஆனால் தியேட்டர் ஊரின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரியில். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் குழாய் திறந்தமாதிரி போகும். அது சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலுக்குக் காத்திருக்காது.

அரசு மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள் மகள். என் ஆயுளில் பாதியை அங்கே கழித்தவளுக்கு அது கொஞ்சம் வலித்தது. அவசரப் பேறுகால சிகிச்சைக்கான சீமாங்க் மையங்களில் ராத்திரி பகல் தியேட்டர் ஓடுகிறது. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2004-லேயே திட்டம் கொண்டுவந்தது. கட்டில்தான் போதவில்லை, குரல்தான் சில சமயம் உயர்ந்துவிடுகிறது.

கடைசியில் முடிவானது நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரி. பிரசவ அறையை நர்ஸ்களே நடத்துகிறார்கள். தியேட்டர் அதே மாடியில். ரத்தத்துக்கு வெளியே ஓட வேண்டாம். தேதி தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா பார்த்துக்கிட்டே இருப்போம். ஒரு கட்டத்துக்கு மேல விடமாட்டோம்" என்றார். தலைப்பிரசவங்களில் எத்தனை சிசேரியனில் முடிகிறது என்றும் கேட்டேன். கோபப்படாமல் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினார்.

பார்த்துக்கிட்டே இருப்போம் என்ற அந்தப் பதிலில்தான் எனக்குத் தாயுமானவர் கதை விளங்கிற்று. நாங்கள் படித்த காலத்தில், வலி பிடித்த பிறகு கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கணக்கைக் கைவிட்டது. பல பெண்களுக்கு அதைவிட மெதுவாகத் திறப்பதே இயல்பு, அதற்காக மட்டும் அவசரப்பட்டுக் கைவைக்காதீர்கள் என்றது. ஆக, காத்திருப்பதும் மருத்துவம்தான். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். பிரசவம் நெடுக ஒருத்தர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பதை 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த 26 ஆய்வுகளைத் தொகுத்து கோக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்டது. ரத்னாவதி வீட்டில் ஈசன் செய்தது அதுதான். நேரத்தை மாற்றவில்லை, உடம்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று கயிலையில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. கூட இருந்தார், கை கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தார்.

கமலவதியைச் சுற்றியும் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது நாழிகை வட்டிலை.

இதனாலேயே கத்தியைப் பழிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். வலியைத் தாங்கினால் புண்ணியம், தியேட்டருக்குப் போனால் தாய்மையில் ஒரு பங்கு குறைச்சல் என்று பெண்கள் தங்களையே தண்டித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் 1847-இல் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, வேதனையோடு பெறுவாய் என்ற வேத வாக்கை மீறலாமா என்று ஆட்சேபம் வந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் ஆண்டவரே அவனைத் தூங்கவைத்தாரே என்று அதே வேதத்திலிருந்து பதில் எழுதினார் சிம்ப்சன். நம் பக்கம் அப்படிச் சண்டை நடக்கவில்லை. திருக்கருகாவூரில் அம்மன் சந்நிதியில் விளக்கெண்ணெய் வாங்கி வயிற்றில் தடவிக்கொண்டுதான் சிசேரியனுக்கும் போகிறார்கள். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

குழந்தை சித்திரையில்தான் பிறந்தது. எப்படி என்று எழுதப்போவதில்லை, தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்குமுன்னே "நார்மலா, சிசேரியனா?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்கும் சொல்லவில்லை. மகளோடு உள்ளே நான் இருந்தேன். ஒரு கட்டத்தில் இயற்கையெல்லாம் மறந்து அவள் என்னைத் திட்டினாள், பிறகு டாக்டரம்மாவைத் திட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்றார்.

மறுநாள் சம்பந்தி போன் பண்ணினார். ஜோசியருக்குப் பிறந்த நேரம் நிமிஷம் வரை வேண்டுமாம். பிறந்த நேரம் எது என்பதிலேயே அவர்களுக்குள் தகராறு உண்டு: தலை தெரிந்ததா, முழுக்க வெளியே வந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? பிரசவ அறையில் நடப்பது வேறு. குழந்தையைத் துடைத்து, அழவைத்து, அம்மாவுக்கு ஊசி போட்டு, அப்புறம் யாராவது நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அது பேட்டரி தீர்ந்து பின்தங்கியிருந்தாலும் ரெஜிஸ்டரில் ஏறுவது அந்த மணிதான். எத்தனை ஜாதகங்கள் அப்படி நின்றுகொண்டிருக்கின்றனவோ. இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்லவில்லை. நர்ஸ் எழுதியிருந்த மணியைப் படித்துக் காட்டினேன்.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார், குரலில் நல்ல தெம்பு. இந்த லக்னத்துக்குச் சித்திரை தோஷமே கிடையாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அப்படி ஒரு விலக்கு இருப்பதைப் பங்குனியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் மலைக்கோட்டைக்கு வாழைத்தார் எந்தக் கடையில் சொல்லலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். காந்தி மார்க்கெட்டில் பூவன் தாராகப் பார்த்து வாங்குங்கள், விலை மட்டும் பேசி வாங்குங்கள் என்றேன்.